இடம் மாறினால் தின்னாது

அழகம்மை தனக்கு ஒரு குதிரை வாங்கப்போவதாகச் சொன்னபோது புருஷன் மெய்யப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஜொகூரில், கூலாய் பசாருக்குப் பின்னால் இருக்கும் ரொட்டிக் கடையில் இருவரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை மழையில் கடை வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. செனாய் தொழிற்சாலைகளுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் அதைக் கிழித்துக்கொண்டு போயின.

"குதிரையா. பேரப்பிள்ள வரப்போகுது, அதுக்கு மரக்குதிர வாங்கலாம்லா," என்றார்.

"எனக்குங்க. நான் ஓட்டுறதுக்கு."

சிரித்த வாயோடு அவர் ரொட்டியைப் பிய்த்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

அழகம்மைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கூலாயில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டாக இருந்தவள், இப்போது பாதி நாள் மட்டும் போய் வருகிறாள். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செல்வா என்பவன் ஒரு சின்னக் குதிரை லாயம் வைத்திருக்கிறான். குதிரைக்குக் காயக்களிம்பு வாங்க மருந்துக் கடைக்கு வந்தவன், சும்மா ஒரு நாள் வந்து பாருங்கள் அக்கா என்று கூப்பிட்டான். அப்படிப் போய்ப் பழகியதுதான். ஐந்து வருடமாக விடாமல் போகிறாள். பந்தயமும் இல்லை, தடை தாண்டுவதும் இல்லை. மணல் கொட்டிய நீளத் திடலுக்குள் குதிரையை நடக்கவும் துள்ளவும் வளையவும் அசையாமல் நிற்கவும் வைக்கிற வித்தை. மேலே இருப்பவள் ஒன்றுமே செய்யாதது போலத் தெரிய வேண்டும். டிரஸாஜ் என்று அதற்குப் பெயர். மெய்யப்பன் தன் கூட்டாளிகளிடம் அதைக் குதிரைப் பரதநாட்டியம் என்று சொல்லுவார். நேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. காரில் கொண்டுபோய் விடுவார், காடிக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், கூட்டிக்கொண்டு வருவார்.

அவள் ஓட்டிக்கொண்டிருந்த பெட்டைக் குதிரைக்கு முழங்கால் போய்விட்டது. இனி அதன்மேல் யாரும் ஏறக்கூடாது என்று செல்வா சொல்லிவிட்டான். வேறு குதிரை வாங்க அவனுக்குத் தோதில்லை. அதிலிருந்து அழகம்மைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சமைக்கப் போனால் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றால் எதையோ மறந்ததுபோல உள்ளே போவாள்.

மெய்யப்பனும் அந்த வீட்டில் நிம்மதியாக இல்லை. கூலாயில் முப்பது வருடம் நடத்திய இரும்புக் கடையைக் கொடுத்துவிட்டு இரண்டு வருடமாகச் சும்மா இருந்தார். பெர்த்தில் இருக்கும் மகன் அர்ஜுன், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் அப்பச்சி என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தான். மருமகள் மீனு முழுகாமல் இருந்தாள். மெய்யப்பன் மனத்தளவில் ஏற்கெனவே பாதி கிளம்பிவிட்டார். எந்த அலமாரியை யாருக்குக் கொடுப்பது என்று அறை அறையாக நடந்து யோசிப்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் எதிரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

குதிரை விஷயத்தை அவர் அதிகம் எதிர்க்கவில்லை. ஒன்றும் அமையாது, அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தார். வாரக் கடைசியில் காடி ஓட்டிக்கொண்டு போக அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது.

முதலில் கெலாங் பாத்தாவுக்குப் போனார்கள். அங்கே சுகுமாறன் என்று ஒருவர் குதிரை வாங்கி விற்கிறார். லாயத்தின் முன்னால் புல்வெளி, கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், குளிர்சாதனம். சுகுமாறன் பளபளக்கும் பூட்ஸோடு வந்து கைகொடுத்தார்.

"மேடம், இந்த மாதிரி குதிர ஜொகூர்லயே கெடைக்காது. ஜெர்மன் பிளட்லைன். ரொம்ப சாப்ட். கொழந்த கூட ஓட்டலாம்."

சாம்பல் நிறக் குதிரை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாதுவாக நின்றது. அழகம்மை அதைச் சுற்றி வந்தாள். கழுத்தைத் தடவினாள். வயிற்று வார் கட்டும் இடத்தில் கையை வைத்து, எடுத்து, விரலைப் பார்த்தாள். காய்ந்த வியர்வை உப்பாகப் பூத்திருந்தது.

"காலைல யாரும் ஓட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே மேடம். உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்."

"நல்லா ஓடியிருக்கு. களைச்சுப் போயிதான் இப்படி சாதுவா நிக்குது."

சுகுமாறன் கைபேசியைப் பார்த்தார். "லைட்டா வட்டம் சுத்த விட்டிருப்பாங்க. எல்லா எடத்துலயும் பண்றதுதான்."

"அப்ப நான் நாளைக்கி காலைல வர்றேன். ஓட விடாம வைங்க. அப்படியே ஏறிப் பாக்குறேன்."

"நாளைக்கி சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பார்ட்டி வருது மேடம். அவங்க எடுத்துட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அழகம்மை காடிக்கு நடந்தாள்.

திரும்பும் வழியில் மெய்யப்பன் கேட்டார். "உப்ப பாத்து எப்படி கண்டுபிடிச்ச?"

"கடைக்கு மருந்து விக்க வர்றவங்கள நாளு முழுக்க பாத்தவ நான். அந்த ஆளு பேசுன பேச்சே போதும். உப்பு அப்புறம்."

அவருக்குப் பெருமையாக இருந்தது. இதோடு விடுவாள் என்றும் தோன்றியது.

அவள் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பாலோவில் ஒரு குதிரை இருப்பதாகச் செல்வா சொன்னான். விற்பவர்கள் வியாபாரிகள் இல்லை, புருஷனும் பெண்சாதியும். புருஷன் காளிதாஸ் முன்பு சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கே பந்தயம் நின்றபோது வேலை போய், இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். குதிரை அவன் மனைவி அங்கம்மாவுடையது.

லாயாங் லாயாங், ரெங்கம் வழியாகப் போகிற பழைய ரோடு. இரண்டு பக்கமும் செம்பனை. மழைக்காலம் பிடித்திருந்ததால் மண்பாதைகளில் செம்மண் குழம்பி நின்றது. பாலோ டவுனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய ஒரு தனியார் தோட்டத்தின் ஓரத்தில் பலகை வீடு. அதன் பின்னால் தகரக் கொட்டகை. குதிரைக்கான திடல் என்று ஒன்றும் இல்லை. மரங்களுக்கு நடுவே சமனாக்கிய ஒரு துண்டு நிலம், மேலே ஆற்று மணல், நான்கு மூலையிலும் பழைய டயர்.

அங்கம்மா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"வாங்க மேடம், வாங்க சார். சாப்டாச்சா? மழைக்கு முந்தி ஓட்டிப் பாத்துருங்க. மத்தியானம் ஊத்திரும்."

குதிரை கறுப்பும் பழுப்புமாக இருந்தது. வெளிச்சத்தில் நின்றபோது பழுப்பு, கொட்டகை நிழலில் கறுப்பு.

"பேரு என்ன?" என்று அழகம்மை கேட்டாள்.

"பேப்பர்ல இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு இருக்கு. நாங்க காப்பி நெறத்துக்கு கோப்பின்னு கூப்புடுவோம். வயசு பதிமூணு. ஆம்பள, காயடிச்சது."

காளிதாஸ் சேணத்தைத் தூக்கி வந்தான். "இவ கெலாங் பாத்தா பக்கம் ஒரு லாயத்துல வேல செஞ்சா மேடம். இத வச்சிருந்தவங்க ஊருக்குப் போற நேரமெல்லாம் இவதான் ஓட்டுவா. அங்க சொல்லிக் குடுக்க வந்த வெள்ளக்காரர்கிட்டயே படிச்சா."

"நான் மொதல்ல ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் நீங்க ஏறுங்க. ஒரு கொற இருக்கு, முன்னுக்கே சொல்லிர்றேன்," என்றாள் அங்கம்மா. "எடம் மாறுனா இது திங்காது. நின்ன எடத்துல நிக்காம நடந்துக்கிட்டே இருக்கும். ஒரு வாரமும் ஆவும், ரெண்டு வாரமும் ஆவும். வயித்து வலி வந்துருமோன்னு பக்கத்துலயே கெடக்கணும். வேற ஒண்ணும் இல்ல. ஒதைக்காது, கடிக்காது."

"விக்கிறவங்க யாரும் இத சொல்ல மாட்டாங்க," என்றார் மெய்யப்பன்.

"சொல்லலைன்னா அங்க போயி செத்துப்போயிரும் சார்."

அங்கம்மா ஓட்டிக் காட்டினாள். பிறகு அழகம்மை ஏறினாள். முதலில் நடை. குதிரை காதைத் திருப்பித் திருப்பி, இவள் யார் என்று கேட்டபடி நடந்தது. அழகம்மை ஒன்றும் கேட்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. இரண்டு சுற்று போனபின் இடுப்பை லேசாக நிமிர்த்தினாள். குதிரை துள்ளு நடைக்கு மாறியது. மணலில் குளம்பு விழும் சத்தம் ஒரே அளவில் வந்தது. மூலையில் டயரைச் சுற்றி வளையும்போது அதன் முதுகு அவளுக்குக் கீழே உயர்வதை உணர்ந்தாள். பெட்டைக் குதிரையிடம் அவள் ஐந்து வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது அது. கடிவாளத்தின் மறுமுனையில் ஒரு உயிர், இழுக்காமலும் விடாமலும், அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பல வாரங்களாக அவளுக்குள் அலைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டது.

மெய்யப்பன் இதையெல்லாம் பார்க்கவில்லை. பெர்த்திலிருந்து அர்ஜுன் கூப்பிட்டிருந்தான். சிக்னல் சரியாக இல்லாததால் ரம்புத்தான் மரத்தடிக்குப் போய் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா, ஏஜெண்டு வந்து பாத்துட்டான். தீபாவளி கழிச்சு கையெழுத்து. பிள்ள பொறக்கறதுக்குள்ள வந்துருவோம். இல்லப்பா, திரும்பி வர்ற பேச்சே இல்ல. ஆத்தாவா? ஆத்தா சும்மா பொழுதுபோக்குக்கு குதிர பாத்துக்கிட்டு இருக்கா. வாங்க மாட்டா."

அழகம்மை இறங்கி, குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு இது வேணும்மா," என்றாள்.

அங்கம்மா வயிற்று வாரைத் தளர்த்தினாள். மெய்யப்பன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் பேசுனது காதுல விழுந்துச்சு. நீங்க ஊரவிட்டுப் போறீங்களா?"

குதிரை மூக்கைச் சிந்தியது.

"இதுக்கு நாலு ஆளு மாறிட்டாங்க," என்றாள் அங்கம்மா. "மொத ஆளு வெள்ளக்காரம்மா. புருஷனுக்கு இங்க வேல முடிஞ்சுது, போயிட்டாங்க. அப்புறம் கொரியாக்காரங்க. அப்புறம் ஒரு சிங்கப்பூர் பொண்ணு, கல்யாணம் ஆயி லண்டன் போயிருச்சு. கடைசி ஆளு சொல்லிக்கக்கூட இல்ல. மெசேஜ்ல, நீயே வச்சுக்கன்னு. ஒவ்வொரு தடவையும் எடம் மாறும். ஒவ்வொரு தடவையும் எலும்பா போவும். இந்த நெலத்துக்காரரு மரத்தையெல்லாம் சாய்ச்சு மறுநடவு செய்யப் போறாரு. நாங்க குளுவாங்ல பிளாட்டுக்குப் போறோம். அதான் குடுக்குறேன். இல்லன்னா குடுக்க மாட்டேன். வாங்குறவங்க இருக்கணும். அது சாவுற வரைக்கும்."

"நான் இருப்பேன்," என்றாள் அழகம்மை.

மெய்யப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எங்கயும் போகல. இவங்க போறாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அங்கம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குதிரையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல பேசிட்டு வாங்கக்கா," என்றாள். மேடம் அக்காவாகியிருந்தது. "இப்ப நான் குடுக்க மாட்டேன்."

ரெங்கத்துக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்த வழியில்லை. வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடி மங்கியது.

"அந்தப் பொம்பளகிட்டதான் சொல்ற. எங்கிட்ட சொல்லல," என்றார் மெய்யப்பன்.

"நீங்க கேக்கலங்க."

"கேக்கணுமா? எல்லாரும் சேந்துதான முடிவு பண்ணோம்."

"நீங்களும் அர்ஜுனும் பண்ணீங்க. நான் அப்ப அடுப்படியில உங்களுக்கு தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருந்தேன். வெளிய வந்தப்போ முடிஞ்சு போச்சு."

"அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லத் தெரியல. பேரப்பிள்ள வரப்போகுது, வரமாட்டேன்னு எந்த ஆத்தா சொல்லுவா? எனக்கே என்ன நெனச்சா வெக்கமா இருந்துச்சு."

லாரியிலிருந்து ஒரு செம்பனைக் காய் உருண்டு ரோட்டில் விழுந்தது. மெய்யப்பன் வளைத்து ஓட்டினார்.

"பெர்த்துல இல்லாத குதிரையா அழகு? அங்க போயி ஓட்டு. நான் வேணாம்னா சொன்னேன்?"

"குதிர இருக்கும். போன தடவ அங்க மூணு மாசம் இருந்தோம். கடைக்குப் போக அவன் வரணும். கோயிலுக்கு அவன் வரணும். ஒரு தலவலி மாத்திர வாங்க நான் அவன் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் சன்னல் பக்கத்துல உக்காந்திருந்தேன். நானே மருந்து குடுக்குறவ. நல்ல பிள்ளதான், மொகம் கோணாமதான் கூட்டிட்டுப் போனான். ஆனா எல்லாத்தையும் கேக்கணும். குதிரைக்கும் கேக்கணும். இங்க நான் யாருகிட்டயும் கேக்கறது இல்லங்க."

"எங்கிட்ட கேக்கற."

"உங்ககிட்ட சொல்றேன். கேக்கல."

அவர் கூலாய் வரை லாரிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த நாட்கள் மோசமாக இருந்தன. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. மழை விட்டுவிட்டுப் பெய்தது, துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. அழகம்மை மருந்துக் கடையிலிருந்து வந்ததும் செல்வாவின் லாயத்துக்குப் போய்விடுவாள். ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முழங்கால் போன பெட்டைக் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு, காலியான திடலைக் கால்நடையாகச் சுற்றி வருவாள். வீட்டுக்கு வந்தாலும் நடைதான். மெய்யப்பன் ஹாலில் டிவியை மாற்றி மாற்றிப் போடுவார். எந்தச் செய்தியும் முடிவதற்குள் அடுத்தது.

ஒரு மாலை அர்ஜுன் கூப்பிட்டு ஆத்தாவிடம் பேச வேண்டும் என்றான். அழகம்மை கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தபடி பேசினாள்.

"ஆத்தா, மீனுவோட அம்மாவுக்கு லீவு கெடைக்காது. நீங்க வரலைன்னா நாங்க என்ன பண்றது?"

"பிள்ள பொறந்ததும் நான் வந்து கூட இருந்து குளிப்பாட்டி பத்தியம் வச்சுக் குடுத்துட்டுப் போறேன். அது என் கடம. வந்து தங்குறதுதான் முடியாது."

"ஒரு குதிரைக்காகவா?"

அழகம்மை கீரைத் தண்டை ஒடித்தாள். "குதிர வாங்கலைன்னாலும் நான் வரல அர்ஜுன். அத வாங்கப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு."

அவன், "அப்பச்சிகிட்ட குடுங்க," என்றான். மெய்யப்பன் வாங்கிப் பேசினார். ம், ம், பாக்கலாம், என்றே முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை டயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெய்யப்பன் கிளம்பினார். டயர் கடையைத் தாண்டினார். லாயாங் லாயாங் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எங்கே போகிறோம் என்பதை ஒத்துக்கொண்டார்.

பாலோ வீட்டில் காளிதாஸ் இல்லை, லாரிக்குப் போயிருந்தான். அங்கம்மா கொட்டகை நிழலில் உட்கார்ந்து யானைப்புல்லை அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். மின்சார ரயில் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கோப்பி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது.

"அக்கா வரலியா சார்?"

"நான் மட்டும்தான்."

அவள் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், அவித்த மரவள்ளியும் நெத்திலி சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். தனக்குப் பசிக்கவில்லை என்றுதான் மெய்யப்பன் நினைத்தார். ஒரு துண்டு வாயில் போட்டதும் தட்டைக் காலி செய்துவிட்டார். சம்பல் காரத்தில் மூக்கில் நீர் வந்தது.

"அவ இருப்பாம்மா," என்றார். "அத சொல்லத்தான் வந்தேன். நான்தான் போறேன். வீட்ட விக்கல. அவ அதுலயே இருப்பா. குதிர செல்வா எடத்துல நிக்கும். அவ இல்லாத நேரம் அவன் பாத்துக்குவான்."

அங்கம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அவங்ககிட்ட சொல்லாம எங்கிட்ட வந்து சொல்றீங்க."

மெய்யப்பன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "அவளும் உங்கிட்டதான் மொதல்ல சொன்னா."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "நீங்க ஏன் சார் போகணும்? ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம்லா," என்றாள்.

அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடைய குடுத்ததுலேர்ந்து எனக்கு கையும் காலும் பரபரன்னு இருக்கும்மா. காலைல எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. முப்பது வருசம் ஆணியும் பூட்டும் எடுத்துக் குடுத்த கை. அந்தப் பிள்ள வந்தா தூக்கி வச்சுக்கலாம். பள்ளிக்கொடம் கொண்டுபோயி விடலாம். மகனுக்கும் மருமகளுக்கும் வேல, நான் இருந்தா ஒத்தாசை. நான் அங்க போகணும்னு நெனைக்கிறது நெஜம். அவ இங்க இருக்கணும்னு நெனைக்கிறதும் நெஜமாத்தான் இருக்கு. எத நான் பொய்யாக்க முடியும்? கொஞ்ச நாளு அங்க, கொஞ்ச நாளு இங்க. வருவேன் போவேன்."

"ஊர்ல என்னா பேசுவாங்க?"

"பேசட்டும். நகரத்தார் சங்கத்துல ஒரு வருசத்துக்கு இதுதான் ஓடும்."

அங்கம்மா புல்லை வாரிக் கூடையில் போட்டாள். "அக்கா ஓட்டுனத நீங்க பாக்கல. அன்னிக்கு மரத்தடியில போன் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"பாக்காமயே சொல்லாதீங்க சார். வரச் சொல்லுங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து கூப்பிட்டார். "அழகு, நான் பாலோவுல இருக்கேன். இல்ல, டயர் மாத்தல. உன் பூட்ஸ எடுத்துக்கிட்டு செல்வாகூட வா."

அவள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. செல்வாவின் காடியிலிருந்து இறங்கியவள் முதலில் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அவர், "ஏறு, பாக்குறேன்," என்று மட்டும் சொன்னார்.

மெய்யப்பன் டயருக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எது சரி, எது தவறு என்று சொல்லத் தெரியாது. அவர் பார்த்தது அவள் முதுகை. மருந்துக் கடை கவுண்டருக்குமேல் குனிந்து, அடுப்படியில் குனிந்து, மகனின் பாடப் புத்தகத்தின்மேல் குனிந்து அவருக்குப் பழகிய முதுகு. அது நேராக நின்றுகொண்டு மணலைச் சுற்றிப் போயிற்று. குதிரை மூலையில் திரும்பியது, நிலத்தைக் குறுக்கே கடந்தது, நடுவில் வந்து நின்றது. அவள் என்ன செய்து நிறுத்தினாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை அவரைக் கடந்து போகும்போது, அவர் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓர் அறைக்குள் வந்தால் அவளுக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. அது அவருக்கு வலித்தது. பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்போல் இருந்தது.

அவள் இறங்கியதும் அங்கம்மா கடிவாளத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எடுத்துட்டுப் போங்கக்கா. சார் எல்லாம் சொல்லிட்டாரு."

"என்னா சொன்னாங்க?"

"அத அவருகிட்டயே கேளுங்க."

அழகம்மை கேட்டாள். மெய்யப்பன் ரம்புத்தான் மரத்தடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். தூரத்திலிருந்து செல்வாவும் அங்கம்மாவும் பார்க்கும்போது, அழகம்மை தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருதரம் அவர் கையைப் பிடித்தாள். பிறகு கையை விட்டுவிட்டுத் தலைக்கவசத்தின் வாரோடு போராடினாள், அது கழலவில்லை. அவர்தான் கழற்றிவிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் கோப்பியை வண்டியில் ஏற்றிக் கூலாய்க்குக் கொண்டுவந்தார்கள். அங்கம்மா கூடவே வந்து, கொட்டிலில் கட்டிவிட்டு, அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து நின்றாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. காளிதாஸ் மட்டும் கையசைத்தான்.

அங்கம்மா சொன்னபடியேதான் நடந்தது. கோப்பி கொட்டிலுக்குள் நடந்தது. சுவரிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து சுவருக்கு. தரையில் போட்டிருந்த மரத்தூளில் ஒரு பாதை விழுந்தது. தண்ணீர் கொஞ்சம் குடித்தது. புல்லை முகர்ந்துவிட்டு விட்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. செல்வா காதை அதன் வயிற்றில் வைத்துக் கேட்டான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குடல் வேலை செய்கிறது, காத்திருங்கள் என்றார். அழகம்மை கடைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தாள். மெய்யப்பன் வீட்டில் காரட்டை நீளவாக்கில் வெட்டி, டப்பாவில் போட்டு எடுத்து வருவார். காடிக்குள் உட்காராமல் இப்போது கொட்டில் வரை வந்தார். குதிரை அவர் கையை நக்கும், காரட்டைத் தொடாது. "உப்பு கேக்குது போல," என்பார்.

அவர் புறப்படும் நாளும் வந்துவிட்டது. மீனுவுக்கு ரத்த அழுத்தம் கூடியதால் முன்கூட்டியே வரும்படி அர்ஜுன் கேட்டிருந்தான். பிள்ளை பிறந்ததும் அழகம்மையும் ஒரு மாதம் போய்வருவதாக முடிவாகியிருந்தது. செனாய் விமான நிலையத்தில் மெய்யப்பன் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவருடைய சட்டைகளும், அழகம்மை இடித்துக் கொடுத்த பத்தியப் பொடிகளும்.

"கேட்டைப் பூட்டிட்டுப் படு. தண்ணித் தொட்டி மேல மூடி லூசா இருக்கு, ஆளக் கூப்பிட்டு மாத்து."

"சரிங்க."

"காடிக்கு நெஜமாவே டயர் மாத்தணும்."

"மாத்துறேங்க. மாத்திர பையில முன்னால வச்சிருக்கேன். காலைல வெள்ள, ராத்திரி மஞ்ச."

"தெரியும்."

வரிசை நகர்ந்தது. அவர் உள்ளே போய், ஒரு தரம் திரும்பி, பாதுகாப்புச் சோதனைத் தட்டில் இடைவாரைக் கழற்றிப் போட்டுவிட்டு மறைந்துபோனார். அழகம்மை கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காடியை எடுத்துக்கொண்டு நேராக லாயத்துக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டிலுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பி அவளைச் சுற்றி நடந்தது. அவள் எழுந்து போகவும் இல்லை, அதைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. புல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நடக்கும்போது அதன் வால் அவள் தோளில் பட்டுப் பட்டுப் போயிற்று.

வெயில் தகரக் கூரையிலிருந்து இறங்க ஆரம்பித்தபோது கைபேசி அடித்தது. மெய்யப்பன். கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார். பின்னால் அறிவிப்புகள் இரைந்துகொண்டிருந்தன.

"சாப்டாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லங்க. இங்கதான் உக்காந்திருக்கேன். நீங்க?"

"நான் நாசி லெமாக் சாப்டேன். உன்ன கேக்கல. அது சாப்டுச்சா?"

அழகம்மை நிமிர்ந்து பார்த்தாள். கோப்பி நடையை நிறுத்தியிருந்தது. சுவரோரம் நின்று, கைபேசியிலிருந்து வரும் குரலுக்குக் காதைத் திருப்பியிருந்தது. புல்லை இன்னும் தொடவில்லை.

"ரெண்டு பேரும் இன்னும் சாப்புடலங்க," என்றாள்.